அட்டையில் அச்சான பெயர்

என் பெரியப்பா இங்கிலீஷ் பேசிக் கேட்ட அன்று எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு நாய் எழுந்து நின்று பேசியிருந்தால்கூட நான் அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டேன். நாய்க்காவது பேச ஆசை உண்டு என்பது முகத்தில் தெரியும். பெரியப்பாவுக்குத் தமிழ் பேசுவதிலேயே விருப்பம் கிடையாது.

அவர் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கொல்லிமலையில் எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் தனியாகப் படுத்துக்கொள்வார். சாப்பாடு எங்கள் வீட்டில். மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் மிளகுத் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவார். "சோறு", "போதும்", "மழ வருது". ஒரு நாளைக்கு அவர் செலவழிக்கும் சொற்கள் ஏறக்குறைய இவ்வளவுதான். இளவயதில் மெட்ராஸில் சில வருடங்கள் இருந்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன வேலை பார்த்தார் என்று அம்மாவைக் கேட்டால், "என்னமோ கம்பெனியாம்" என்பாள். அது என்ன கம்பெனி என்று கேட்கும் அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாரல் சற்று விட்டிருந்த நேரம், எங்கள் மிளகை வாங்கும் காளப்பநாயக்கன்பட்டி பாயின் வேன் வாசலில் வந்து நின்றது. மிளகுக் காலம் முடிந்து மாதக்கணக்காகிறது. இப்போது எதற்கு வருகிறார் என்று அப்பா யோசித்துக்கொண்டே வெளியே வந்தார். பாயோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். வெட்டிவிட்ட நரைமுடி, காலில் சேற்றோடு ஷூ. மலைப்பாதையின் எழுபது வளைவும் சுற்றி ஏறியதில் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏனுங்ணா, ஊட்ல இருக்கீங்களா?" என்று பாய் சாய்ப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உங்களத் தேடிக்கிட்டு சீமையில இருந்து ஆளு வந்திருக்குதுங்க. கொல்லிமலை ஆளுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு, மூணு நாளா பேளுக்குறிச்சி சந்தையில இருந்து ஒவ்வொரு கடையா ஒரு படத்தக் காட்டிக்கிட்டு நிக்குது இந்தம்மா. என் கடைக்கு வந்ததும் நான் பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டனுங்க. அந்தப் புருவத்த வெச்சுத்தான்."

பெரியப்பாவின் இடது புருவம் நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டாகப் பிரிந்திருக்கும்.

அந்த அம்மாள் தன் தோள் பையிலிருந்து பெரிய சதுர அட்டை ஒன்றை எடுத்தாள். அதற்குள் கறுப்பு இசைத்தட்டு இருந்தது. அதற்கு முன் நான் இசைத்தட்டைப் பார்த்ததில்லை. ஆனால் நான் பார்த்தது தட்டை அல்ல, அட்டையில் இருந்த படத்தை. கடற்கரை. இழுத்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் நான்கு பேர். இரண்டு வெள்ளைக்காரர்கள், மடியில் வயலினோடு ஒரு நம்மூர்க்காரர். கடைசியில், தோள்வரை தொங்கும் தலைமுடியோடு, பூப்போட்ட சட்டையும் கால்பக்கம் பாவாடை மாதிரி விரிந்த பேண்டும் போட்டுக்கொண்டு, நான்கே கம்பிகள் கொண்ட நீளக் கிட்டார் ஒன்றை அணைத்தபடி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் என் பெரியப்பா.

அவருக்கு இத்தனை பற்கள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பெரியப்பா சாய்ப்பிலிருந்து வந்து அந்த அட்டையைப் பார்த்தார். தொடவில்லை. அந்த அம்மாள் பேசினாள். அவர் பதில் சொன்னார். இங்கிலீஷில்! எங்கள் பள்ளி டீச்சர் பேசுவது போலத் தேடித் தேடி எடுத்துவைக்கும் இங்கிலீஷ் இல்லை, தண்ணீர் போல ஓடியது. அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். அம்மா கையில் இருந்த முறத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தாள்.

எங்களுக்கு விஷயத்தைச் சொன்னவர், வெளியூர் வியாபாரத்தில் இங்கிலீஷ் பழகியிருந்த பாய்தான். படத்தில் முதலில் இருக்கும் வெள்ளைக்காரர் இந்த அம்மாளின் அப்பா, பியானோ வாசித்தவர். அவர்கள் நாட்டில் ஜாஸ் என்றொரு சங்கீதம் உண்டு. அதோடு கரண்டுக் கிட்டாரையும் நம்மூர் வயலினையும் கலந்து ஒரு புது மாதிரி வாசிப்பதற்காக முப்பது வருடத்துக்கு முன்னால் மெட்ராஸுக்கு வந்து, நான்கு பேராகச் சேர்ந்து இந்த ஒரே தட்டைப் பதிவுசெய்தார்கள். வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பரவி, இன்றைக்கு எத்தனையோ நாட்டில் இதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வாசிக்கப் பழகுகிறார்களாம். பியானோக்காரர் இவள் சிறுமியாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற இருவரும் இப்போது இல்லை. நான்கு பேரில் மிச்சம் இருப்பது பெரியப்பா ஒருவர்தான்.

"தட்டப் புதுசா போடப் போறாங்களாமுங்க. மெட்ராஸுல பெரிய விழா. அண்ணா வந்து மேடையில உக்காந்தாப் போதும்ங்குது இந்தம்மா" என்றார் பாய்.

அதைச் சொன்னவர் அதோடு நிற்காமல், அந்த வாசிப்பையே பதிந்து அவள் கொண்டுவந்திருந்த சி.டி.யை வேனில் போட்டுவிட்டார். பாயின் வேனில் பின்சீட்டை அடைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கர்கள் உண்டு. வயலின் ஒரு பக்கம் கிளம்பி ஓடியது. டிரம்ஸ் அதை விரட்டியது. நடுவே பியானோ குறுக்கே பாய்ந்தது. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. நான்கு பேரும் சண்டை போடுகிறார்கள் என்றே நினைத்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. தடித்த கம்பி ஒன்று மட்டும் தனியாகப் பேச ஆரம்பித்தது. வேனின் கதவு அதிர்ந்தது. யாரோ என் நெஞ்சுக்குள் வெறுங்காலோடு நடந்துபோவது போல இருந்தது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியப்பாவின் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். இந்தக் கையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்கிறாள் என்றார் பாய்.

பெரியப்பா கையை வேட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது நான் இல்லீங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில். "ஆளு மாறி வந்துட்டீங்க பாய். கூட்டிக்கிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

படத்தில் புருவம் தெரிகிறது, மூக்கு தெரிகிறது, பெயர்கூட அட்டையின் பின்னால் இங்கிலீஷில் அச்சாகி இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்; அவர் பெயரேதான். இப்படி ஒரு பொய்யை ஒருவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்ல முடியும்? அந்த அம்மாள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அட்டையை என் கையில் வைத்தாள். அதன் மேல் தன் மெட்ராஸ் விலாசமும் போன் நம்பரும் எழுதிய சீட்டை வைத்தாள். மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் சொல்லச் சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனாள்.

அன்று அப்பா முதல்முறையாகத் தன் அண்ணனை எதிர்த்துப் பேசினார்.

"ஏனுங்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? அத்தன தொலவுல இருந்து வந்த பொம்பளைங்க. நம்மூட்டுப் பேரு ஒலகம் பூராத் தெரிஞ்சிருக்குது, நமக்கே தெரியல. ஒரு வாய் வார்த்த சொன்னா என்னங்க?"

பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "போதும்" என்று மட்டும் சொன்னார். அது சோற்றுக்கா, பேச்சுக்கா என்று தெரியவில்லை.

தட்டு பரணில் ஏறியது. அதன் பிறகு மூன்று வாரம் விடாத சாரல். மலையில் அந்த மாதங்களில் எதை வைத்தாலும் பூஞ்சை பூக்கும். துணி, செருப்பு, பள்ளிக்கூடப் பை, எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு மாவு படியும். ஒரு சனிக்கிழமை காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஊரே வீட்டில் இருந்ததை எல்லாம் வெளியே கொண்டுவந்து போட்டது. அம்மா வீட்டுக்கு எதிரில் இருந்த பாறையில் சாமையையும் மிச்சம் இருந்த மிளகையும் பரப்பி, பக்கத்தில் கம்பளிகளை விரித்துவிட்டு என்னைக் காவலுக்கு வைத்துப் போனாள்.

எனக்குத் தட்டு நினைவுக்கு வந்தது. பரணில் ஏறி எடுத்துப் பார்த்தேன். அட்டையில் பெரியப்பாவின் சிரிப்பின் மேல் பூஞ்சை பிடித்திருந்தது. அதைத் துடைத்தேன். உள்ளே இருந்த தட்டிலும் புள்ளி புள்ளியாக வெள்ளை. மிளகுக்கு ஆகும் வெயில் தட்டுக்கும் ஆகும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்காமலேயே ஒரு நல்ல காரியம் செய்யும் பெருமிதத்தோடு, அந்தத் தட்டை எடுத்துப் பாறையின் மேல், வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். கோழி மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் நான்கு கல்லும் வைத்தேன்.

உச்சிப்பொழுதுக்குப் போய்ப் பார்த்தபோது அது தட்டாக இல்லை. ஓரமெல்லாம் நெளிந்து நெளிந்து, சுட்டுப்போட்ட அப்பளம் போலக் கிடந்தது. ஒரு பக்கம் பாறையின் பள்ளத்துக்குள் வளைந்து படிந்திருந்தது. தூக்கினேன். கொழகொழவென்று தொங்கியது. கடல் தாண்டி வந்த பொருள், உலகம் முழுக்கத் தெரிந்த பொருள், அதை நான் வடகம் போல வெயிலில் காயவைத்துக் கொன்றுவிட்டேன். அழக்கூடத் தோன்றாமல் அதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினேன். பெரியப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அது?"

எடுத்துக் காட்டினேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது. "நீங்க வாசிச்சது போச்சுங்க பெரியப்பா. நான்தான் கெடுத்துட்டனுங்க."

அவர் தட்டை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழவில்லை. பாறையில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"அழுவாத கண்ணு. நான் வாசிச்சது எதுவும் போவல. அதுல நான் வாசிக்கவே இல்ல."

அதுவரை அவர் என்னோடு பேசியிருந்த எல்லாச் சொற்களையும் சேர்த்தாலும் அன்று பேசியதில் பாதி இருக்காது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொன்னால் யாரிடமும் சொல்லாதது மாதிரிதான் என்று நினைத்தாரோ என்னவோ.

மெட்ராஸில் அவர் சினிமாப் பாட்டுகளுக்கு பேஸ் என்னும் அந்த நான்கு கம்பிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். அவரோடு ஒரே அறையில் தேவராஜ் என்ற கூட்டாளியும் இருந்தார். அவருக்கும் அதே வாத்தியம். வெள்ளைக்காரர்கள் வந்து பெரியப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கடற்கரையில் படம் பிடித்தார்கள். அட்டைக்குப் பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பதிவு. அன்று காலை, அவருடைய அம்மா இறந்துவிட்டதாக மலையிலிருந்து தந்தி வந்தது.

"நான் பஸ் ஏறிட்டேன். என் எடத்துல தேவராஜ உக்கார வெச்சிட்டு வந்தேன். மூணு நாள்ல வாசிச்சு முடிச்சிட்டாங்க. காரியம் முடிஞ்சு நான் போறதுக்குள்ள அவங்க ஏரோப்ளேன் ஏறிட்டாங்க. அடுத்த வருஷம் தட்டு வந்துச்சு. பாத்தா என் படம், என் பேரு."

"அப்ப அவரு?"

"அவன் பேரு எங்கயும் இல்ல."

கம்பெனிக்காரர்கள் முதலில் வாங்கிய பெயரையே அச்சடித்துவிட்டார்கள். ஸ்டுடியோவில் எல்லோரும் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தேவராஜ் பக்கத்திலேயே நின்றாராம். பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு அவருக்குப் புதிய வேலைகள் வந்தன. அதைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்துகொண்டார். அப்படியும் போய்ப் புதிதாக எதை வாசித்தாலும், தட்டில் இருந்த மாதிரி வரவில்லையே என்று முகம் சுளித்தார்கள். ஒரு வருடத்தில் கிட்டாரை விற்றுவிட்டு மலைக்கு வந்துவிட்டார்.

"ஒரு தடவ அவன் இங்க வந்தான் கண்ணு. மலையடிக் காரவள்ளியில இருந்து வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான். வாசிச்சது தேவராஜ்தான்னு ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுடா, கம்பெனிக்கு அனுப்பறேன்னான். எழுதி அனுப்பி வெக்கிறேன்னு சொன்னேன்." தட்டின் நெளிந்த ஓரத்தை அவர் விரலால் நீவினார். "எழுதல. சினிமாவுல எங்க பேர எல்லாம் போடமாட்டாங்க. என் பேர நான் அச்சுல பாத்தது அந்த ஒரு தடவதான். அழிக்க மனசு வரல. ரெண்டு வருஷத்துல அவன் செத்துட்டான்னு தகவல் வந்துச்சு."

அன்று மாலையே அவர் என் கட்டுரை நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து வாங்கி, அந்த அம்மாளின் விலாசத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். இரண்டு முறை அடித்துத் திருத்தி, மூன்றாவது தாளில் நல்ல எழுத்தில் எழுதி உறையில் போட்டு ஒட்டினார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில், பஸ் நிற்கும் இடத்துச் சிவப்புப் பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். முகம் கழுவி வந்தவர் போல இருந்தார்.

நான் பெட்டிவரை போனேன். உறையை வாய்க்குள் பாதி நுழைத்தும்விட்டேன். அப்போதுதான் மயில் படம் நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்தின மாதம், எங்கள் வகுப்பில் ஒருத்தி அடுத்தவள் வரைந்த மயில் படத்தில் தன் பெயரை எழுதிப் போட்டிக்குக் கொடுத்துவிட்டாள். டீச்சர் அவளை முட்டிபோட வைத்து, "இது திருட்டு. உன்னை போலீஸ்லதான் பிடிச்சுக் கொடுக்கணும்" என்று சொல்லியிருந்தார். அவள் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மயிலுக்கே போலீஸ் என்றால், உலகம் முழுக்கத் தெரிந்த தட்டுக்கு என்ன வரும்? இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் எழுபது வளைவும் ஏறி போலீஸ் ஜீப் வரும். பெரியப்பாவைக் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போவார்கள். அவரே எழுதிய கடிதத்தை அவர்களுக்குக் கொடுத்தவளாக நான் நிற்பேன்.

உறையை வெளியே இழுத்தேன். சமூக அறிவியல் புத்தகத்தின் காக்கி அட்டையைப் பிரித்து, அதற்குள் வைத்து மறுபடி மடித்துவிட்டேன். பெரியப்பாவை நான் காப்பாற்றிவிட்டேன். சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

அவர் காத்திருந்தார். தபால்காரர் வரும் நேரத்துக்குத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, எதையோ மறந்துவிட்டவர் போல வாசலில் நிற்பார். தபால்காரர் கையை விரித்துவிட்டுப் போவார். "போட்டுட்டதான கண்ணு?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். "போட்டுட்டனுங்க" என்றேன். அவருக்காகத்தானே சொல்கிறேன் என்பதால் அந்தப் பொய் நாக்கில் உறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது போலிருந்தது. சோறு வைக்கும் முன்பே "போதும்" என்றார்.

ஆவணியில் ஒரு மதியம் பாய் மறுபடி வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அந்தம்மா போன் பண்ணுச்சுங்ணா. உங்ககிட்ட இருந்து ஒரு பதிலும் வரலீன்னு வருத்தப்படுது. நாளைக்கு அட்டை அச்சுக்குப் போவுதாம். இந்தத் தடவ உங்க பேர மேலயே பெருசாப் போடறாங்களாம். வராட்டியும் பரவாயில்ல, அந்த மரியாதயாச்சும் செய்யணும்னு சொல்லுது."

பெரியப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "பெருசாவா?" என்றார். பிறகு, "நான் எழுதினேனே பாய். ஒண்ணர மாசத்துக்கு முன்னாடியே எழுதிட்டேனே" என்றார். சொல்லிக்கொண்டே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் இன்றும் விவரிக்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் நின்றிருப்பேன். அது கோபம் இல்லை. நான் உள்ளே ஓடி, புத்தகத்தின் அட்டையைக் கிழித்து, உறையை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டேன். "போலீஸ் புடிச்சிக்குமுங்க, பெரியப்பா, உங்களப் போலீஸ் புடிச்சிக்கும்" என்று கத்தினேன். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. என்ன கடிதம், யார் போலீஸ் என்று எல்லோரையும் மாற்றி மாற்றிக் கேட்டார்.

பெரியப்பா குனிந்து உறையை எடுத்தார். அம்மாவின் கையைத் தடுத்தார். "அடிக்காதம்மா. அதுக்கு ஒம்பது வயசு. எனக்கு அன்னிக்கு முப்பது" என்றார். பிறகு பாயைப் பார்த்து, "உங்க கடையில இருந்து போன் பேசலாங்களா?" என்றார்.

அப்படியே கிளம்பினோம். என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். காளப்பநாயக்கன்பட்டிக் கடையில், மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பாய் நம்பரைப் போட்டுக் கொடுத்ததும், என் கட்டுரை நோட்டுத் தாளில் எழுதிய அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை போனுக்குள் வாசித்தார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். தேவராஜ். அதை மட்டும் இரண்டு முறை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பாய் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

போலீஸ் வரவில்லை. மூன்று மாதம் கழித்துப் புதிய தட்டு வந்தது. அட்டையில் அதே கடற்கரை, அதே நான்கு பேர். ஆனால் பேஸ் கிட்டாருக்கு நேரே தேவராஜின் பெயர். எந்தக் காரணத்தால் படத்தில் ஒருவரும் வாசிப்பில் ஒருவரும் இருக்கிறார்கள் என்று உள்ளே ஒரு பக்கம் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இந்தச் செய்தி பரவியபோது சிலர் பெரியப்பாவைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அப்பா ஒருவாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. பெரியப்பா வழக்கம்போல ஏணியோடு போய்வந்தார். மார்கழியில், அந்தத் தட்டையும் ஒரு சி.டி.யையும் ஒரு மூட்டை மிளகையும் எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பினார். என்னைக் கூட்டிப்போகக் கேட்டபோது அம்மா மறுக்கவில்லை.

வடபழனிப் பக்கம், இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. தேவராஜின் மனைவி கதவைத் திறந்தாள். மெலிந்த அம்மாள், தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தவள், கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், உள்ளே உட்கார்ந்து சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்பது போல. திட்டுவாள், கதவைச் சாத்துவாள் என்று நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அந்தத் தட்டை வாங்கித் தன் கணவர் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க மேல கோவம் இருந்துச்சுங்க. நெறைய இருந்துச்சு" என்றாள். "அவரு கடைசிவரைக்கும் உங்க கடுதாசி வரும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு." பிறகு வழிவிட்டு, "உள்ள வாங்க. கொழந்தய நிக்க வெச்சிருக்கீங்களே" என்றாள்.

உட்கார்ந்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "இதுல அவரு வாசிச்சது எது? எனக்குப் பாட்டு எல்லாம் தெரியாது. அவரோட சத்தம் எதுன்னு மட்டும் காட்டுங்க."

பக்கத்து வீட்டிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பிளேயர் ஒன்றை வாங்கிவந்து சி.டி.யைப் போட்டாள். வயலின் கேட்டது. பியானோ கேட்டது. எல்லாம் நின்று அந்தத் தனி வாசிப்பு வர வேண்டிய இடத்தில், ஈ பறப்பது போல ஏதோ முனகியது. பாயின் வேனில் கதவை அதிரவைத்த சத்தம் அந்தச் சின்ன டப்பாவுக்குள் அடங்கவில்லை. "ஒண்ணும் வரலியே" என்றாள் அவள்.

பெரியப்பா பிளேயரை நிறுத்தினார். தையல் மிஷினின் பலகை ஓரத்தில் வலது கை விரல்களை வைத்தார். வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே பாட ஆரம்பித்தார். தடித்த, கனத்த குரல். விரல்கள் பலகையில் நடந்தன, ஓடின, ஓரிடத்தில் நின்று தயங்கின, மறுபடி ஓடின. ஒரே ஒருமுறை வேனில் கேட்டது எனக்கு அவ்வளவு நன்றாக நினைவிருந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. அதே இடத்தில் மூச்சு விட்டார். அதே இடத்தில் நிறுத்தினார். மூன்று நிமிடம் இருக்கும். நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இதத்தாங்க சோத்துத் தட்டுல தட்டிக்கிட்டே இருப்பாரு. சாப்புட்றப்ப என்ன கொட்டு வேண்டிக் கெடக்குதுன்னு நான் திட்டுவேன்."

படி இறங்கும்போது நான் பெரியப்பாவின் கையை இழுத்து நிறுத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"நீங்களே அத்தன நல்லா வாசிக்கிறீங்களே பெரியப்பா. ஒரு எடத்துலகூடத் தப்பு வரலியே. அப்பறம் ஏன் நான் இல்லேன்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு சாமி" என்று சொல்லி என் தலையில் கை வைத்து நடத்திக்கொண்டு போனார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். படத்தில் இருப்பது அவர். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துக் காட்டியதும் அவர். அப்படியானால் தட்டில் வாசித்ததும் அவராகத்தான் இருக்க முடியும். இறந்துபோன கூட்டாளியின் மேல் இரக்கப்பட்டுத் தன் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே, வகுப்பில் இருந்த முப்பது பேரிடமும், தட்டில் வாசித்தது சத்தியமாக என் பெரியப்பாதான் என்று சொல்லிவிட்டேன்.